கிரெனாஷ் ஒயினை எப்போது திறப்பது?

பிரான்ஸின் தெற்கிலிருந்து வரும் ஷாட்டோநஃப்-து-பாப் போன்ற சிவப்பு ஒயின்களை வாங்குகிறவர்களுக்கு மூன்று குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. விலை இவ்வளவு இருக்கிறதே, நிறம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது? சர்க்கரையே இல்லை என்கிறார்கள், நாக்கில் ஏன் இனிக்கிறது? வாங்கிய புதிதில் அவ்வளவு மணமாக இருந்தது, ஆறு வருடம் பத்திரமாக வைத்துத் திறந்தால் ஏன் வாசமே இல்லை?

மூன்றுக்கும் காரணம் கிரெனாஷ் என்ற திராட்சையின் குணம்தான். சிவப்பு ஒயினை வைத்துக் குடிப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதிகள் பெரும்பாலும் போர்தோ என்ற பிரெஞ்சுப் பகுதியின் ஒயினைப் பார்த்து உருவானவை. நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும், துவர்ப்பு கடுமையாக இருக்க வேண்டும், புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும், அப்போதுதான் பல வருடம் தாங்கும் என்பார்கள். கிரெனாஷில் இந்த மூன்றுமே குறைவு. அப்படியிருந்தும் சில கிரெனாஷ் ஒயின்கள் முப்பது வருடம் தாங்குகின்றன, பல மூன்றே வருடத்தில் முடிந்துவிடுகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் எதை வைக்கலாம், எதை உடனே குடிக்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

செடியின் குணம்

கிரெனாஷ் ஸ்பெயின் நாட்டில் கார்னாச்சா என்றும், இத்தாலியின் சார்தீனியா தீவில் கன்னோனாவ் என்றும் அழைக்கப்படுகிறது. பிரான்ஸில் அதன் பெரிய இருப்பிடம் ரோன் ஆற்றின் தென்பகுதி. அடுத்தது ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ரூசியோன்.

தெற்கு ரோனில் மிஸ்ட்ரால் என்ற வடக்குக் காற்று வருடத்தில் பல நாட்கள் மரத்தைச் சாய்க்கிற வேகத்தில் அடிக்கும். கிரெனாஷின் தண்டு விறைப்பானது. பந்தலோ கம்பியோ இல்லாமல் குட்டையான புதராக வளர்த்தாலும் காற்றுக்கு நின்றுவிடும். வறட்சியையும் தாங்கும். அந்த மண்ணில் அது நிலைத்ததற்கு இவையே காரணம்.

ஆனால் பூக்கும் பருவத்தில் இந்தச் செடிக்கு ஒரு பலவீனம் உண்டு. மே கடைசியிலும் ஜூனிலும் குளிரும் மழையும் வந்தால் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கூலூர் என்கிறார்கள். மாமரத்தில் பூ கொட்டிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2013-இல் தெற்கு ரோனில் கிரெனாஷ் விளைச்சல் இப்படித்தான் பெருமளவு போனது. அந்த வருட ஒயின்களில் கிரெனாஷின் பங்கே குறைந்து, மற்ற திராட்சைகளின் சுவை மேலே வந்தது.

பழத்தின் தோல் மெல்லியது, நிறமியும் குறைவு. அதனால் ஒயின் கறுப்பாக வராது. மாதுளைச் சாறு போலத் தெளிவாக, கண்ணாடிக் கோப்பைக்கு அப்பால் விரல் தெரிகிற மாதிரி வரும். நிறம் குறைவு என்பதால் அதைக் குறைந்த தரம் என்று நினைக்க வேண்டாம்.

15% எங்கிருந்து வருகிறது, இனிப்பு எங்கிருந்து வருகிறது

ஒயினில் 1% ஆல்கஹால் உருவாகப் பழச்சாற்றில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தேவை. 15% வேண்டுமானால் லிட்டருக்கு ஏறக்குறைய 255 கிராம். வடக்கில் உள்ள பல ஊர்களில் திராட்சை இந்த அளவை எட்டவே எட்டாது. கிரெனாஷோ தாமதமாகப் பழுக்கிற வகை. அக்டோபர் தொடக்கம் வரைகூட வெயிலில் நின்று சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டே போகும். சர்க்கரை அளவு சரியாகிவிட்டது என்று முன்கூட்டியே பறித்தால் விதையும் தோலும் பழுத்திருக்காது, துவர்ப்பு பச்சையாக நிற்கும். முழுசாகப் பழுக்க விட்டால் ஆல்கஹால் 15-ஐத் தாண்டும். தெற்கு ரோன் விவசாயி ஒவ்வொரு செப்டம்பரிலும் போடுகிற கணக்கு இதுதான். கோடை சூடாகிக்கொண்டே போவதால் இந்தக் கணக்கு வருடா வருடம் கடினமாகிறது.

லேபிளில் உள்ள எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பியச் சட்டம் அதில் 0.5% வரை வித்தியாசத்துக்கு இடம் தருகிறது. 14.5% என்று அச்சிட்ட பாட்டிலில் 15% இருக்கலாம்.

நொதித்தல் முடிந்தபின் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்துவிடும். ஆனால் ஆல்கஹாலுக்கே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு. அதோடு நன்கு பழுத்த பழத்தின் மணமும் புளிப்புக் குறைவும் சேரும்போது நாக்கு அதை இனிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைப் பார்த்து இதில் சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஆனால் ஆல்கஹால் அதிகம் என்பது அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

போப்பின் புதுக்கோட்டை

ஷாட்டோநஃப்-து-பாப் என்ற பெயரைப் பிரித்தால் போப்பின் புதுக்கோட்டை என்று வரும். 1309 முதல் 1377 வரை போப்புகள் ரோமில் இல்லாமல் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் ஜான் கட்டிய கோடைக்காலக் கோட்டையின் இடிந்த சுவர் இன்னும் அந்த ஊர் மேட்டில் நிற்கிறது.

ஒயின் சட்ட வரலாற்றிலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. ஊர் பெயரைப் போட்டுப் போலிச் சரக்கு விற்கப்பட்டதால், ஷாட்டோ ஃபோர்தியா தோட்டத்தின் பாரோன் லெ ருவா 1923-இல் விதிகளை எழுதினார். லாவெண்டரும் தைமும் வளர்கிற வறண்ட நிலத்தில்தான் திராட்சை போட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1936-இல் பிரான்ஸ் தன் பெயர் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்கீகரித்த முதல் ஊர்களில் ஷாட்டோநஃபும் சேர்ந்தது.

வைத்துக் குடிப்பதைப் பற்றி யோசிக்கிறவருக்கு அந்த விதிகளில் முக்கியமானது விளைச்சல் வரம்பு. ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 1,400 லிட்டர்தான் எடுக்கலாம். கிரெனாஷை விட்டால் அது அள்ளிக் கொடுக்கும் செடி. அப்படி அள்ளிக் கொடுக்கும்போது சாறு நீர்த்துப்போய், இனிப்பும் ஆல்கஹாலும் மட்டும் உள்ள ஒயினாகிவிடும். கொத்துகள் குறைந்தால்தான் தோலில் சாரம் ஏறும். ஐம்பது, அறுபது, நூறு வயதுச் செடிகள் தாமாகவே குறைவாகக் காய்க்கும். மெல்லிய தோலுள்ள இந்தத் திராட்சையிலிருந்து முப்பது வருட ஒயின் வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது மண். ஷாட்டோநஃபின் படங்களில் எல்லோரும் பார்ப்பது உருண்டைக் கூழாங்கற்கள், சில தேங்காய் அளவு. பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் சூடு விடும். இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடித் தரையில் கால் வைத்தால் சுடுகிறதே, அது போல. பழம் நன்றாகப் பழுக்கும், ஒயின் கனமாக வரும். ஆனால் அந்த ஊரின் மிக நுட்பமான கிரெனாஷ் கல்லில் வருவதில்லை, மணலில் வருகிறது. ஷாட்டோ ராயாஸ் தோட்டம் காட்டுக்கு நடுவே, மணலில், பெரும்பாலும் வடக்கு நோக்கிய சரிவில் இருக்கிறது. கிரெனாஷ் மட்டுமே போட்டு எடுக்கும் அதன் சிவப்பு ஒயின் பார்க்க வெளுப்பு. ஆயுளோ மிக நீண்டது. சூட்டைத் தேடிப்போன ஊரில் நிழலைத் தேடிப்போன தோட்டம் அது. கோடை சூடேறிவரும் இந்நாளில் மற்றவர்களும் அந்தத் திசையில் பார்க்கத் தொடங்கியிருப்பதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது கலப்பு. ஷாட்டோநஃபில் 13 வகைத் திராட்சைகளுக்கு அனுமதி உண்டு. நிற வேறுபாட்டையும் சேர்த்து எண்ணினால் 18. நடைமுறையில் கிரெனாஷுக்குத் துணையாக வருபவை சிரா, மூர்வேத்ர் இரண்டும்தான். சிரா நிறம் தரும். மூர்வேத்ர் துவர்ப்பும், காற்றால் கெடாமல் நிற்கும் வலுவும் தரும். ஷாட்டோ போகாஸ்தெல் தன் கலப்பில் மூர்வேத்ரைக் கிரெனாஷுக்குச் சமமாகச் சேர்க்கிறது. அதனால் அதே ஊர்ப் பெயர் இருந்தாலும் ராயாஸும் போகாஸ்தெல்லும் வயதாகும் விதம் ஒன்றல்ல. லேபிளில் ஊர் பெயரை மட்டும் பார்த்து ஆயுளைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

மரப் பீப்பாயா, சிமெண்ட் தொட்டியா

நறுக்கிய ஆப்பிள் காற்றுப் பட்டுப் பழுப்பாவது போல, கிரெனாஷும் காற்றுப் பட்டால் சீக்கிரம் நிறம் மாறி மணம் இழக்கும். சின்ன ஓக் பீப்பாயில் காற்று அதிகம் உள்ளே போகும். அதனால் ரோன் பக்கம் கிரெனாஷைப் பெரும்பாலும் சிமெண்ட் தொட்டியிலோ, பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய மரப்பீப்பாயிலோ வைப்பார்கள். 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் புது ஓக் பீப்பாய் மோகம் இங்கேயும் வந்தது. வனில்லா, காப்பி மணத்தோடு கனமான ஒயின்கள் வந்தன. அவற்றில் பலவற்றில் பழம் போய் மரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பழைய பாட்டில் வாங்குகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சுவைத்துப் பார்க்கும்போது

முதலில் குளிர்ச்சி. “அறை வெப்பநிலையில் பரிமாறவும்” என்ற பழைய வாசகம் தடித்த கல் சுவர் கொண்ட பிரெஞ்சு வீடுகளுக்கானது. அந்த அறை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். சென்னையில் அறை 30. அந்தச் சூட்டில் 15% ஆல்கஹால் மூக்கை எரிக்கும், வேறு எதுவும் தெரியாது. பாட்டிலை ஒன்றரை மணி நேரமாவது சாதாரண ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் அது தானாகவே சூடேறும்.

1. வெள்ளைத் தாளின் மேல் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். நடுவில் உள்ள நிறத்தைவிட விளிம்பைப் பாருங்கள். இளைய ஒயினில் விளிம்பு இளஞ்சிவப்பு; வயதானதில் செங்கல் நிறம், அப்புறம் ஆரஞ்சு. கிரெனாஷ் ஐந்து வருடத்திலேயே செங்கல் நிறம் காட்டும். போர்தோ பழக்கத்தில் அதைக் கெட்டுப்போனதாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

2. சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள், சுழற்றி ஒரு முறை. இளமையில் ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, செர்ரி, வெள்ளை மிளகு, அதிமதுரம். அதோடு தைம், ரோஸ்மேரி வளரும் வறண்ட புதர்க்காட்டின் வாசம். அந்தக் காட்டைக் காரிக் என்பார்கள். வயதானால் காய்ந்த அத்திப்பழம், பதப்படுத்திய தோல், ஆரஞ்சுத் தோல், தேயிலை, மழை பெய்த காட்டுத் தரை.

3. குறைகளைத் தனியாகத் தேடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் தக்கை கெட்டிருக்கிறது. மாட்டுத் தொழுவ வாசம் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டின் வேலை. பழைய பாணி ஷாட்டோநஃபில் கொஞ்சம் இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு, பழத்தை மறைக்கும் அளவு இருந்தால் அது குறைதான். நகப்பூச்சு வாசமும் காடி வாசமும் வருவது எளிதில் ஆவியாகும் அமிலத்தால்.

4. விழுங்கியபின் பத்து வினாடி காத்திருங்கள். தொண்டையில் எரிச்சல் மட்டும் நின்றால் ஆல்கஹால் பழத்தை முந்திவிட்டது. வருடங்கள் போனாலும் அது சரியாகாது. பழம் குறையுமே தவிர ஆல்கஹால் குறையாது. இளமையில் சமநிலை இல்லாத ஒயின் வயதானபின் சமநிலைக்கு வரும் என்று நம்பி வைப்பதுதான் மக்கள் செய்யும் பெரிய தவறு.

ஆறாம் வருடம் ஏன் ஊமையாகிறது

புதிய ஒயினின் பழ மணத்தில் பெரும்பங்கு எஸ்டர் எனப்படும் சேர்மங்களால் வருகிறது. அவை சில வருடங்களில் சிதைந்துவிடும். தோல், தேயிலை, அத்தி போன்ற முதிர்ந்த மணங்கள் உருவாகவோ மேலும் பல வருடங்கள் ஆகும். நடுவில் ஒரு இடைவெளி விழுகிறது. ஷாட்டோநஃபில் இது பெரும்பாலும் ஐந்தாம் வருடத்துக்கும் எட்டாம் வருடத்துக்கும் இடையில் வரும். பழையது போயிருக்கும், புதியது வந்திருக்காது. ஆறாம் வருடம் திறந்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் கெட்ட பாட்டிலைத் திறக்கவில்லை, இந்த இடைவெளியில் திறந்திருக்கிறார்கள்.

இதே காலத்தில் நிறமியும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று இணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. ஓர் அளவுக்கு மேல் பெரிதானவை கரைந்து நிற்க முடியாமல் அடியில் மண்டியாகப் படிகின்றன. மண்டி சேரச் சேர நிறம் குறையும், துவர்ப்பு மென்மையாகும்.

எதை எத்தனை வருடம்

இவை நல்ல சேமிப்பில், நல்ல தயாரிப்பாளரின் பாட்டிலுக்கான கணக்கு. வருடம் என்பது லேபிளில் உள்ள அறுவடை வருடத்திலிருந்து.

சாதாரண கோத் து ரோன் (தனி ஊர் பெயரில்லாமல் ரோன் பகுதியின் பொதுப் பெயரில் வருவது): நான்கு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். இதன் அழகே இளமைதான். கடையில் விற்கும் கிரெனாஷில் பெரும்பகுதி இந்த வகை. வீட்டில் வருடக்கணக்காகத் தூங்கி வீணாவதும் இதுதான்.

வாக்கெராஸ், ராஸ்தோ, கெரான்: ஐந்து முதல் பத்து வருடம். வாக்கெராஸுக்குத் தனி ஊர்ப் பெயர் உரிமை 1990-இலும், ராஸ்தோவின் இனிப்பில்லாத சிவப்புக்கு 2010-இலும், கெரானுக்கு 2016-இலும் கிடைத்தது. பெயர் கிடைத்தபின் விலை ஏறினாலும் ஷாட்டோநஃபோடு ஒப்பிட்டால் இவை இன்னும் மலிவு.

ஜிகோந்தாஸ்: எட்டு முதல் பதினைந்து. தாந்தெல் து மோன்மிராய் என்ற சுண்ணாம்புப் பாறை மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. உயரமும் மலை நிழலும் புளிப்பைக் காப்பாற்றுகின்றன. பொறுமையோடு வைக்க விரும்புகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஷாட்டோநஃப் அல்ல, இதைத்தான் என்பது என் கருத்து.

ஷாட்டோநஃப்-து-பாப்: முதல் நான்கு வருடத்துக்குள், அல்லது பத்தாம் வருடத்துக்குப் பிறகு. மிகச் சிறந்தவை இருபதைத் தாண்டும்.

வருடத்தையும் பாருங்கள். 1998 கிரெனாஷுக்கென்றே அமைந்த வருடம். 2010-இல் பூ உதிர்ந்து விளைச்சல் குறைந்தாலும் புளிப்பும் செறிவும் சேர்ந்து நின்றன. 2016-உம் நீண்ட ஆயுள் கொண்டது. 2002-இல் செப்டம்பர் வெள்ளத்தில் அறுவடை கெட்டது. 2003 வெப்ப அலையில் பல ஒயின்கள் வெந்துபோயின. 2021-இல் ஏப்ரல் உறைபனியும் குளிர்ந்த கோடையும் சேர்ந்து மென்மையான ஒயின்களைத் தந்தன. அவற்றை வைக்காமல் குடிப்பதே நல்லது.

முடிந்தால் ஒரே ஒயினில் மூன்று பாட்டில் வாங்குங்கள். மூன்றாம் வருடம் ஒன்று, பத்தாம் வருடம் ஒன்று. இரண்டாவது பாட்டில் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்றாவதை முடிவு செய்யலாம்.

எங்கே வைப்பது

தேவை 12 முதல் 14 டிகிரி, இருட்டு, ஓரளவு ஈரப்பதம், அதிர்வில்லாத இடம், தக்கை நனையும்படி படுக்கை நிலை. பாரிஸின் பழைய அடுக்ககங்களில் வீட்டோடு சேர்ந்து வரும் காவ் என்ற நிலவறை இருந்தால் வேறு செலவே இல்லை.

வெப்ப நாட்டில் நிலைமை வேறு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரட்டை வேகத்தில் நடக்கும். 13 டிகிரிக்குப் பதில் 33 டிகிரியில் வைத்தால் நான்கு மடங்கு. வேகமாக வயதானால் நல்லதுதானே என்று தோன்றலாம். அப்படி நடக்காது. எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகமாவதில்லை. மணம் உருவாவதற்குள் பழம் வெந்த ஜாம் போலாகிவிடும். ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளி, கசிந்து, திரும்பக் குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். காற்றுக்கு ஆகாத கிரெனாஷுக்கு இது மற்ற ஒயின்களைவிடக் கூடுதல் கேடு.

ஒயினுக்கான தனிக் குளிர்ப்பெட்டி இல்லாவிட்டால் சென்னையிலோ கொழும்பிலோ பல வருடம் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே சரி. சமையலறை ஃபிரிட்ஜ் பத்து வருடத்துக்கு ஏற்றதல்ல: குளிர் அதிகம், காற்று வறட்சி, தக்கை காயும். ஆனால் சில மாதங்களுக்கு அலமாரியைவிட அது எவ்வளவோ மேல். பெட்டி வாங்கினால் கரண்ட் போகும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. முழு நாள் போனால் கதவைத் திறக்காமல் வைத்திருங்கள்.

பழைய பாட்டிலைக் கடையில் வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். ஒயின் மட்டம் தோள்வரை இறங்கியிருந்தாலோ, தக்கையைச் சுற்றிப் பிசுபிசுப்புக் காய்ந்திருந்தாலோ வாங்க வேண்டாம்.

திறக்கும் நாள்

பத்து வருடத்துக்கு மேற்பட்ட பாட்டிலை ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். கழுத்துக்குப் பின்னால் ஒரு டார்ச் வெளிச்சத்தை வைத்து, நிறுத்தாமல் மெதுவாக வேறு குடுவைக்கு ஊற்றுங்கள். கழுத்தில் புகை போன்ற ஒரு கோடு தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இருபது வருடத்ததை ஊற்றியவுடனே குடியுங்கள். ஒரு மணி நேரம் காற்றில் விட்டால் மிஞ்சியிருந்த மணமும் போய்விடும். இளையது, அல்லது ஊமைப் பருவத்தில் மாட்டிக்கொண்டது என்றால் நேர்மாறாக, இரண்டு மணி நேரம் குடுவையில் விட்டுப் பாருங்கள். ஓரளவு வாய் திறக்கும்.

இத்தனை கவனமும் வேண்டாம் என்பவர்களுக்கு ரூசியோனில் அதே கிரெனாஷ் வேறு வடிவில் கிடைக்கிறது: பன்யூல்ஸ், மோரி. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே சாராயம் சேர்த்து ஈஸ்டை நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை உள்ளேயே நின்றுவிடும். 13-ஆம் நூற்றாண்டில் மோன்பெலியேயின் மருத்துவர் ஆர்னோ து வில்நஃப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இது. மோரியில் சிலர் இந்த ஒயினைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி, வெட்டவெளியில் வெயிலிலும் பனியிலும் விட்டுவிடுகிறார்கள். மற்ற கிரெனாஷைக் கெடுக்கும் காற்றும் சூடும் இங்கே வேண்டுமென்றே சேர்க்கப்படும் பொருட்கள். வால்நட், கொக்கோ, காய்ந்த அத்தி வாசத்தோடு வரும் அந்த ஒயின் ஏற்கெனவே காற்றைப் பார்த்துவிட்டது என்பதால், திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும்.